உபுண்டு 24.04க்கு மாறிய பின் விர்ச்சுவல்பாக்ஸ் இயங்கவில்லை

கேள்வி:
வணக்கம். உபுண்டு இயங்குதளத்தை 22.04இலிருந்து 24.04க்கு மேம்படுத்திய பிறகு, கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் திறக்கிறது. ஆனால் எந்த மெய்நிகர் கணினியைத் தொடங்கினாலும், கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர் ஏற்றப்படவில்லை என்ற பிழைச்செய்தி வருகிறது. இருமுறை நீக்கி நிறுவியும் பயனில்லை. உள்ளிருக்கும் கணக்குக் கோப்புகளை இழக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1:
கோப்புகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். மெய்நிகர் வட்டு தனிக் கோப்பாக இருப்பதால், மென்பொருளை நீக்கினாலும் அது அழியாது. விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியே தொகுக்கப்பட (கம்பைல் செய்யப்பட) வேண்டும் என்பதால், இப்போது இயங்கும் கர்னலுக்குரிய ஹெடர் கோப்புகளையும் (தொகுக்கத் தேவையான கோப்புகள்), ஜிசிசி (நிரல் தொகுப்பி), டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது டிரைவரைத் தானே மீண்டும் தொகுக்கும் கருவி) ஆகியவற்றையும் நிறுவிய பின் டிரைவரை மீண்டும் தொகுத்துப் பாருங்கள். மேம்படுத்தும்போது வெளிக் களஞ்சியங்கள் (உபுண்டுவுடையவை அல்லாத மென்பொருள் மூலங்கள்) முடக்கப்படும். ஆகவே உங்களிடம் இருப்பது 22.04க்கான பழைய பதிப்பா என்பதையும் பாருங்கள்.

மறுமொழி 2:
தொகுப்பு பிழையின்றி முடிந்தும் டிரைவர் ஏறாவிட்டால், செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஏற்க வைக்கும் பாதுகாப்பு வசதி) இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. அதை அணைப்பதைவிட, மோக்யூட்டில் (mokutil) கருவியால், டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதிவுசெய்வதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி. செக்யூர் பூட்தான் காரணம். சாவிக்குக் கடவுச்சொல் அமைத்து, மறுதொடக்கத்தில் வந்த நீலத் திரையில் அதை உள்ளிட்டதும் டிரைவர் ஏறியது. கோப்புகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன.