அளவியில் தண்ணீர் ஏன் வளைந்து நிற்கிறது?

ஹட்டன் மாணவி:
உயர்தரம் படிக்கிறேன். அளவியில் (திரவத்தை அளந்து ஊற்றும் ஒடுங்கிய கண்ணாடிக் குழாய், burette) தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கிறது, அந்த வளைந்த மேற்பரப்பின், அதாவது பிறையுருவின், அடியைத்தான் வாசிக்க வேண்டும், அது தெரியும். ஆனால் மீன் தொட்டியில் தண்ணீர் மட்டமாகத்தானே இருக்கிறது? இரசம் (பாதரசம்) ஏன் தலைகீழாகப் புடைக்கிறது? எங்கள் பிளாஸ்டிக் அளவுச்சாடியில் வளைவே இல்லை. இங்குள்ள குளிரும் உயரமும் காரணமா?

பண்டாரவளை ரியூசன்:
மீன் தொட்டியிலும் வளைகிறது தங்கச்சி, ஓரத்தை உற்றுப் பாருங்கள். கண்ணாடி தண்ணீரை இழுக்கிறது, அதனால் ஓரம் ஏறுகிறது, ஏறிய தண்ணீரின் எடையோ அதைக் கீழே இழுக்கிறது, ஆகவே சுவரிலிருந்து சில மில்லிமீற்றருக்குள் வளைவு தீர்ந்து மட்டமாகிவிடும். குழாய் ஒடுங்கினால் இரு பக்க வளைவும் நடுவில் சந்திக்கும், மட்டமாக நிற்க இடமே இல்லை. உள்விட்டம் 1 மில்லிமீற்றர் உள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர் ஏறும். விட்டம் பாதியானால் ஏற்றம் இரட்டிப்பு, ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் ஜூரின் 1718 இலேயே சொன்னது.
இரசத்தில் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன, கண்ணாடி இழுத்தாலும் போதாது. தொடுகைக் கோணம் (சுவருக்கும் திரவ மேற்பரப்புக்கும் இடையே, திரவத்தின் உள்ளே அளக்கும் கோணம்) 140 பாகைக்குக் கிட்ட, அதனால் குமிழ் மாதிரி நிற்கும். சுவர் திரவத்தை இழுக்கும் ஒட்டல் விசை, திரவம் தன்னைத்தானே பிடித்திருக்கும் பிணைவு விசையை வென்றால் குழியும், தோற்றால் புடைக்கும், அவ்வளவுதான்.

நுணுக்கம் பார்ப்பவர்:
அவ்வளவுதான் இல்லை சேர். திரவத்தைச் சுவரிலிருந்து பிரிக்கத் தேவையான ஒட்டல் வேலை, திரவத்தையே இரண்டாகப் பிரிக்கத் தேவையான பிணைவு வேலையின் பாதியைத் தாண்டினாலே கோணம் 90 பாகைக்குக் கீழே வந்து குழிந்துவிடும். முழுவதையும் எட்டினால் கோணம் பூச்சியம், சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் அப்படித்தான்.

தலவாக்கலைக்காரன்:
குளிரைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரின் பரப்பிழுவிசை (மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசை) 20 பாகை செல்சியசில் மீற்றருக்கு 0.073 நியூட்டன், 30 பாகையில் 0.071, கண்ணுக்கு எங்கே தெரியும்? மேலே வளியமுக்கம் குறைவுதான், ஆனால் அது நடுவையும் ஓரத்தையும் ஒரே மாதிரித்தானே அழுத்துகிறது. பிளாஸ்டிக்கைத் தண்ணீர் அவ்வளவாகப் பற்றாது, கோணம் 90 பாகையை ஒட்டி இருக்கும், அதனால்தான் மட்டம். எண்ணெய்க்கை பட்ட கண்ணாடியும் இப்படி ஏமாற்றும், அப்புறம் ஓரம் கோணல்மாணலாக நிற்கும், நியமிப்புக்கு (அளவியால் கரைசலை அளந்து சேர்த்துச் செறிவு காணும் சோதனை, titration) முன் அளவியை நன்றாகக் கழுவுங்கள். தோட்டத்து மழைமானித் தண்ணீரை அளக்கும்போதும் குனிந்து, கண்ணை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துதான் வாசிப்போம்.

ஹட்டன் மாணவி:
நன்றி அண்ணா. அப்போ பொற்றாசியம் பரமங்கனேற்று? அதன் கடும் ஊதா நிறத்தில் அடி தெரியவே இல்லையே.

பண்டாரவளை ரியூசன்:
அதற்கு மேல் விளிம்பு. தொடக்க வாசிப்பும் முடிவு வாசிப்பும் அதே விளிம்பில் எடுத்தால் கழிக்கும்போது சரியாக வரும்.