அப்போஸ்தலர் 6:1: முறுமுறுத்தது யார்?

தாம்வேகாரன்:
போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் விதவைகளுக்கு அரிசி கொடுத்தார்கள். என் சின்னம்மா பெயர் பட்டியலில் இல்லை. போன வருடத்துப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்போது சித்தப்பா உயிரோடு இருந்தார். "ஐயா, என் பேரு விட்டுப்போச்சு" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கமிட்டியில் ஒருவர் உடனே பிலிப்பியர் 2:14-ஐ எடுத்து வீசினார்: "எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்."

அதோடு விட்டாரா? நேற்று இந்த இணையக் குழுவிலேயே வந்து, "கிறிஸ்தவப் பெண் அரிசிக்காக வாயைத் திறப்பது சாட்சிக்கு அழகல்ல, சங்கீதம் 141:3 வாசிக்கவும்" என்று எழுதியிருக்கிறார். வாசித்தேன் ஐயா. "என் வாய்க்குக் காவல்வையும்" என்றுதான் இருக்கிறது. அடுத்தவர் வாய்க்கு என்று இல்லை.

சின்னம்மா இட்லி மாவு விற்கிறவர். கரண்ட் வரும் நேரம் பார்த்து இரவு ஒரு மணிக்கு எழுந்து கிரைண்டர் போடுவார். பாதியில் போய்விட்டால் மீதி உளுந்தை ஆட்டுக்கல்லில் அரைப்பார். அதற்குக்கூட அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. இவரா முறுமுறுக்கிறவர்? அப்போஸ்தலர் 6:1 என்ன சொல்கிறது? விதவைகள் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தார்கள். யாருக்கும் தண்டனை இல்லை.

பெகு வாத்தியார்:
தம்பி, பெயர் சொல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறீர் என்று ஊருக்கே தெரியும். போகட்டும். வசனத்தைத் திருத்தமாகப் படிக்க வேண்டும். அங்கே முறுமுறுத்தது "கிரேக்கரானவர்கள்", அதாவது கிரேக்கு பேசின யூத விசுவாசிகள். விதவைகள் அல்ல. விதவைகள் வாயைத் திறந்ததாக ஒரு எழுத்து காட்டும். முப்பது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன்.

மோல்மேன் பேத்தி:
வாத்தியார் ஐயா, யார் முறுமுறுத்தால் என்ன? அப்போஸ்தலர்கள் அவர்களைப் பார்த்து "பிலிப்பியர் படி" என்றார்களா? அந்த நிருபம் அப்போது எழுதப்படவே இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்னவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தி விசாரணையை ஒப்படைத்தார்கள். நம் கமிட்டியில் விதவை வீட்டு ஆள் ஒருவராவது உண்டா? மூலத்தில் பிலிப்பியர் 2:14-லும் இங்கேயும் இருப்பது ஒரே கிரேக்கச் சொல், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெகு வாத்தியார்:
பெயர்ப் பட்டியல் எனக்கும் மனப்பாடம் அம்மா. கேட்டதற்குப் பதில் எங்கே? விதவைகள் முறுமுறுத்தார்களா, இல்லையா? இல்லை. அவர்கள் பொறுமையாக இருந்தார்கள். ஆகவேதான் ஆசீர்வாதம்.

சாயாக்கடை:
முறுமுறுப்பு வேறு, முறையீடு வேறு இல்லையா? யாராவது முதலில் அதைப் பிரித்துச் சொல்லுங்களேன்.

பெகு வாத்தியார்:
1 கொரிந்தியர் 10:10. முறுமுறுத்தவர்கள் "சங்காரக்காரனாலே அழிக்கப்பட்டார்கள்". வனாந்தரத்தில் வெங்காயத்துக்கும் வெள்ளைப்பூண்டுக்கும் ஆசைப்பட்டு அழுத இஸ்ரவேல் கூட்டம் என்ன ஆயிற்று?

தாம்வேகாரன்:
எண்ணாகமம் 11-ஐ எடுத்தீர்கள், சந்தோஷம். அதே அதிகாரத்தில் மோசே என்ன சொன்னார்? இந்த ஜனத்தை நானா பெற்றேன், என்னால் சுமக்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்றார். இதைவிடப் பெரிய முறுமுறுப்பு உண்டா? அவருக்குக் கிடைத்தது 70 மூப்பர்கள். உதவிக்கு! என் சின்னம்மாவுக்குக் கிடைத்தது ஒரு வசனம்.

பெகு வாத்தியார்:
மோசே விதவை அல்ல.

அமைதிப்புறா:
சகோதரர்களே, சண்டை வேண்டாம். பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சன் ஐயாவை நினைத்துப் பாருங்கள். 1824-ல் ஆவா சிறையில் காலில் விலங்கு. பர்மிய வேதாகமக் கையெழுத்துப் பிரதி தலையணைக்குள். அவர் முறுமுறுத்தாரா?

மோல்மேன் பேத்தி:
அந்தத் தலையணையைத் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி ஆன். நம் ஆண்கள் கதை சொல்லும்போது அதை மட்டும் விட்டுவிடுவார்கள். புருஷனை விடுவிக்க அதிகாரி வீடு வீடாக அலைந்து கேட்டவரும் அவர்தான். வாய்க்குக் காவல் வைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஜட்சன் கதி என்ன? 1826-ல் ஆன் இறந்த பிறகு ஜட்சன் மனம் உடைந்து, தனக்கே குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அமைதிப்புறா:
நான் தலையணையைச் சாட்சிக்காகச் சொன்னேன். யார் தைத்தது என்பதா இப்போது முக்கியம்?

மோல்மேன் பேத்தி:
தைத்தவளுக்கு முக்கியம்.

பெகு வாத்தியார்:
ஆன் அம்மையாரும் விதவை அல்ல. கணவர் உயிரோடு இருந்தார். நான் கேட்டது விதவைகளைப் பற்றி.

தாம்வேகாரன்:
விதவைதானே வேண்டும்? லூக்கா 18. அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் போய் அலட்டினாள். இயேசுவே அவளைத்தான் உதாரணம் காட்டினார்.

பெகு வாத்தியார்:
அது உவமை. உண்மையான விதவை அல்ல. உண்மையான பெண் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணாகமம் 12, மோசேக்கு விரோதமாகப் பேசின மிரியாம். குஷ்டம்.

மோல்மேன் பேத்தி:
மிரியாமோடு ஆரோனும் சேர்ந்துதான் பேசினார். அவருக்குக் குஷ்டம் வரவில்லையே, ஏன்? கமிட்டியில் இருந்தாரோ?

பெகு வாத்தியார்:
இப்படிப் பரியாசம் பண்ணுவதைத்தான் எபேசியர் 4:29 "கெட்ட வார்த்தை" என்கிறது.

தாம்வேகாரன்:
போன டிசம்பர் கீத பவனியில், வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிப் போனபோது, மூன்றாவது வீட்டு டீயில் சர்க்கரை இல்லை என்று படி இறங்கும் முன்பே சொன்னீர்களே ஐயா, அது முறுமுறுப்பா, தர்க்கிப்பா?

பெகு வாத்தியார்:
அது ஆலோசனை. எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது என்று அந்த வீட்டாருக்குத் தெரிய வேண்டாமா? அன்று ஆர்மோனியத்தை மழையில் விட்டது யார் என்றும் சொல்லட்டுமா?

தாம்வேகாரன்:
டிசம்பரில் ரங்கூனில் மழையா?

பெகு வாத்தியார்:
பனி. ஈரம் ஈரம்தான்.

சாயாக்கடை:
அந்த ஆர்மோனியத்தில் இன்னும் இரண்டு கட்டை எழும்பவில்லை. யாராவது பழுது பார்க்கிறீர்களா?

மோல்மேன் பேத்தி:
வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். அரிசிப் பட்டியலை நானும் பார்த்தேன். 'ழ'வுக்கு வால் நீட்டி, அடுத்த வரியைத் தொடும்படி எழுதுகிறவர் நம் சபையில் ஒருவர்தான். எங்களுக்கு எழுத்துப் பழக்கினவரும் அவர்தான்.

பெகு வாத்தியார்:
எழுத்தைப் பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். தலைப்புக்கு வாருங்கள். கடைசியாகக் கேட்கிறேன், விதவைகள் முறுமுறுத்தார்களா?

தாம்வேகாரன்:
சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சின்னம்மா இனிமேல் ஒன்றும் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன். நான்தான் கிரேக்கன்.

பெகு வாத்தியார்:
கிரேக்கன்தான் முறுமுறுத்தான் என்று நானும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

மோல்மேன் பேத்தி:
அரிசி?

பெகு வாத்தியார்:
அது வேறு தலைப்பு.