ரெசின் மணம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

உப்புவெளியிலிருந்து:

11 வருடமாகப் பைபர் படகு திருத்துகிறேன். பைபரை ஒட்டி இறுக்கும் ரெசின் பசையின் மணம் எங்களுக்குச் சோற்று மணம் மாதிரிப் பழகிவிட்டது. போன வைகாசியில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கச்சான் காற்று பலமாக அடித்தது. ஈர ரெசினில் மணல் ஒட்டிவிடும் என்று படகைக் கொட்டிலுக்குள் இழுத்து, தறப்பாளால் சுற்றிவர மறைத்துவிட்டோம். அடித்தட்டில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. நான் உள்ளே இறங்கி, குனிந்தபடி கண்ணாடி இழை விரிப்பை விரித்து, ரெசினைப் பிரஷால் ஒத்தி ஒத்திக் காற்றுக் குமிழ்களை எடுத்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கண் எரிந்தது, அது வழமைதான். அப்புறம் கையில் இருந்த பிரஷ் எங்கேயோ தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. எழும்பினால் கால் நிற்கவில்லை. கூட வேலை செய்த தம்பிதான் கக்கத்தில் பிடித்து வெளியே தூக்கினான். வேலியோரம் சத்தி எடுத்துவிட்டு, வெகுநேரம் மண்ணிலேயே கிடந்தேன். துணி மாஸ்க் போட்டிருந்தும் ஏன் இப்படி என்று விளங்கவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். ரெசினில் கலந்திருப்பது ஸ்டைரீன் என்ற திரவம். பூசும்போதே அதில் ஒரு பங்கு ஆவியாகிறது. துணி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். என்னை உலுக்கியது இன்னொன்று: ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு பாரம். படகின் அடியில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். நான் முகத்தை வைத்திருந்தது அதற்குள்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்ற 2ஏ பிரிவில் சேர்த்திருக்கிறது.

இப்போது தறப்பாளை ஒரு பக்கம் முழுதாகத் திறந்துவிடுகிறோம். மின்விசிறியைப் படகுக்கு வெளியே, தள்ளி வைத்து, நல்ல காற்றை உள்ளே அடிக்கிறோம். உள்ளே வைக்காதீர்கள், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. பிரஷ் கழுவும் அசிட்டோன் வாளிக்கும் மூடி போட்டாயிற்று.

திருக்கடலூரிலிருந்து:

அண்ணா, அந்த ஆவி பாரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை இவர் கேனில் ஊற்றி அறை மூலையில் வைத்திருந்தார். களவு போய்விடும் என்ற பயம். மகன் அதே அறையில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பான். நாங்கள் கட்டிலில். காலையில் அவன் மட்டும் “தலையிடிக்குது அம்மா” என்பான். வெயிலில் விளையாடியதால் என்று நினைத்து நான் பேசியும் இருக்கிறேன். கேனின் மூடியில் வாசர் தேய்ந்து போயிருந்ததை ஒருநாள் கூட்டும்போதுதான் கண்டேன். கேனை வெளியே கொட்டிலுக்கு மாற்றிய பிறகு அவன் தலையிடி என்று சொல்லவில்லை. பெற்றோலில் பென்சீன் இருக்கிறது, அது இரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்று பிறகு அறிந்தபோது அவனைப் பேசியதை நினைத்து அழுதேன்.

தம்பலகாமத்திலிருந்து:

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு விடுமுறையில் வகுப்பறைக்குப் பெயின்ட் அடித்து யன்னல்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். திறந்த அன்று பிள்ளைகளுக்குக் கண்ணீர் வழிந்தது. எல்லாரையும் மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பிள்ளை, “டீச்சர், இலையைக் கசக்கினாலும்தான் மணக்குது, அதுவும் கூடாதா?” என்று கேட்டது. நல்ல கேள்வி. மரங்களும் ஐசோப்ரீன் போன்ற ஆவிகளை விடுகின்றன. உலகம் முழுவதையும் கணக்கெடுத்தால் மனிதர் விடுவதைவிட அது அதிகம். ஆனால் அது திறந்த வெளியில் கலைந்துபோகிறது. வாகனப் புகையின் நைதரசன் ஒட்சைட்டுகளோடு வெயிலில் சேரும்போதுதான், மரத்து ஆவியானாலும் பெயின்டில் கலக்கும் தின்னர் ஆவியானாலும், நுரையீரலைக் கெடுக்கும் ஓசோன் உண்டாகிறது. பூட்டிய அறையில் தேங்கும் பெயின்ட் ஆவி அதுவரை காத்திருப்பதில்லை, நேரே மூச்சுக்குள் போகிறது. யன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, அந்தக் கிழமை முழுக்க மரத்தடியிலேயே படிப்பித்தேன்.