பழைய பெஜோ சைக்கிள்: பெடல் அச்சுக்குக் குண்டு மாற்றி ஓவராயில் பண்ணுவதா, கார்ட்ரிட்ஜ் போடுவதா?

பாரிஸ்_வாசன்:
பழைய சாமான் சந்தையில ஒரு பெஜோ யூஓ-8 எடுத்தனான். 1976 எண்டு வித்தவர் சொன்னவர். சிம்ப்ளெக்ஸ் கியர், மாஃபாக் பிரேக், எல்லாம் அசல். மிதிக்கேக்க கீழ இருந்து கறகற எண்டு சத்தம் வருது. கிராங்கை (பெடல் பூட்டுற தண்டை) பிடிச்சுப் பக்கவாட்டில ஆட்டினா ஆட்டமும் இருக்கு. அச்சில ஆப்பு மாதிரி காட்டர் பின் அடிச்ச கிராங்க். கடையில கேட்டா, "பாட்டம் பிராக்கெட்டை முழுசா எடுத்தெறிஞ்சிட்டு சீல்டு கார்ட்ரிட்ஜ் போடுங்கோ" எண்டினம். அதாவது கிராங்க் அச்சும் குண்டும் சுழலுற பகுதியை எடுத்திட்டு, எல்லாம் ஒண்டா அடைச்சு வாறதைப் போடட்டாம். குண்டு மாத்திக் கிரீஸ் போட்டாக் காணாதோ? வேலைக்குப் போய்வாற சயிக்கிள், மழையிலயும் ஓடும்.

கியர்பைத்தியம்:
கடைக்காரர் சொன்னதுதான் சரி ப்ரோ. கப், கோன் (குண்டு ஓடுற கிண்ணம், அச்சுத் தடம்), உதிரிக் குண்டு எல்லாம் அந்தக் காலத்து வேலை. மழையில ஓட்டினா வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரிக்கணும். ஷிமானோ சதுரமுனை கார்ட்ரிட்ஜ் ஒண்ணு போட்டுட்டு மறந்துடலாம். ஆட்டம் வந்தா கழட்டிப் போட்டுட்டுப் புதுசு. உங்க ஞாயித்துக்கிழமை மிச்சம்.

காட்டர்பின்:
போடலாமுங்க, எதுல போடறது? அது பிரெஞ்சு பிரேம். கடையில சாதாரணமா கிடைக்கிற கார்ட்ரிட்ஜ் எல்லாம் இங்கிலீஷ் மரை: 1.37 அங்குலம், அதாவது 34.8 மில்லி, அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சு ஷெல், அதாவது பிரேம்ல கப்பை முறுக்கற குழாய், 35 மில்லி, மரை இடைவெளி 1 மில்லி. விட்டமும் வேற, இடைவெளியும் வேற. கொடுமை என்னன்னா, இங்கிலீஷ் கப் ரெண்டு சுத்து உள்ளே போகும். போகுதேன்னு ஸ்பானரைப் போட்டு இழுத்தா ஷெல் மரை காலி.

அது போக, கார்ட்ரிட்ஜுக்கு முனை சதுரம். தம்பி கிராங்க் காட்டர் பின் கிராங்க். அதையும் மாத்தணும், அப்புறம் செயின் நேரா வருதான்னு பாக்கணும். ஒரு சாமானுக்குப் போயி மூணு சாமான் வாங்கிட்டு வர்ற கதை.

கியர்பைத்தியம்:
பிரெஞ்சு மரைன்னு எனக்கும் தெரியும் சார். டேப் (மரை வெட்டுற கருவி) போட்டு இங்கிலீஷ் மரையா மாத்தித் தர்ற பட்டறை இருக்கு. இல்லைன்னா ஃபில் வுட் கம்பெனி கார்ட்ரிட்ஜ், அவங்க பிரெஞ்சு மரையில ரிங் தனியா தர்றாங்க. மரையே வேண்டாம்னா ஷெல்லுக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற டைப்பும் வந்திருக்கு. வழி இல்லைங்கிற மாதிரி பேசாதீங்க.

காட்டர்பின்:
வழி இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? 35 மில்லி ஓட்டையில 34.8க்கு மரை வெட்டினா, பழைய மரை ஏற்கெனவே தின்ன இரும்பு திரும்பி வருமா? பாதி ஆழத்துலதான் பிடிக்கும். வெட்டறதா இருந்தா 36 மில்லி இத்தாலி மரைக்கு வெட்டறதுல நியாயம் இருக்கு, அங்க புது இரும்பு கிடைக்கும். ஆனா வெட்டினது வெட்டினதுதான். ஃபில் வுட் நல்ல சாமான், மறுக்கலை. சந்தையில எடுத்த யூஓ-8க்கு அந்த விலையா?

டொராண்டோ_சங்கிலி:
இடையில ஒரு விசயம். வாசன், வலப்பக்க கப்பில கை வைக்க முதல் கவனம். எழுபதுகளின்ர கடைசியில பெஜோ சுவிஸ் மரைக்கு மாறினது. அதுவும் 35×1 தான், ஆனா வலப்பக்கம் இடது மரை, வழக்கத்துக்கு எதிரா திருப்பினாத்தான் இறுகும். பிரெஞ்சில ரெண்டு பக்கமும் வலது மரை. வித்தவர் சொன்ன வருசத்தை நம்பித் திருப்பாதேங்கோ. தப்பான பக்கம் திருப்பினா கழருறதுக்குப் பதிலா இறுகும்.

என்னைக் கேட்டா அந்தக் கப்பைக் கழட்டவே தேவையில்லை. இடப்பக்கக் கப்பை எடுத்து, ஸ்பிண்டிலை (நடு அச்சை) உருவி, வலப்பக்கக் கப்பை இருந்த இடத்திலயே துணியால துடைச்சு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. குழி இல்லாட்டி அப்பிடியே விடுங்கோ.

கியர்பைத்தியம்:
எனக்கு ஒரு சந்தேகம், வம்புக்காக இல்லை. வலப்பக்கம் ஸ்பிண்டில் கடிகாரத் திசையில சுத்துது. குண்டு உரசி கப்பையும் அதே பக்கம் இழுத்தா, வலது மரை இறுகத்தானே செய்யும்? அப்போ பிரெஞ்சுக்காரன் வச்சதுதான் சரி. இங்கிலீஷ்காரன் எதுக்கு இடது மரை வச்சான்?

காட்டர்பின்:
நல்ல கேள்வி. உரசல் இழுக்கறது ரொம்பக் கொஞ்சம். கப்பைத் திருப்பறது பாரம். மிதிக்கிற அழுத்தம் ஒரே இடத்துல நிக்காம வட்டமா நகருது. அந்த அழுத்தத்துல கப் ஷெல்லுக்குள்ள மயிரிழை எதிர்ப்பக்கம் உருளுது. முஷ்டியை லேசா மூடி உள்ளே ஒரு பென்சிலை வச்சு, அதோட முனையைப் பிடிச்சு வட்டமா ஆட்டிப் பாருங்க. நீங்க ஆட்டற திசைக்கு எதிரா பென்சில் உருளும். அதனாலதான் வலப்பக்கம் வலது மரை போட்ட பிரெஞ்சு, இத்தாலி கப் ரெண்டுமே தானா லூஸாகும்னு பேர் எடுத்தது. இறுக்கமா இருக்கிற பிரெஞ்சு கப்பை எதுக்குத் தொடணும்னு கேக்கறதும் அதுக்குத்தான்.

கியர்பைத்தியம்:
பென்சில் உருளுது. சரி, ஒத்துக்கறேன். ஆனா இது என் கட்சிக்குத்தான் பலம்: தானா கழர்ற டிசைனை எதுக்கு சார் கட்டி அழணும்?

பாரிஸ்_வாசன்:
கழட்டிட்டன். காட்டர் பின்னுக்குச் சுத்தியல் தூக்கேல்ல. நட்டைப் பின் முனையோட மட்டமா வச்சு, மற்றப் பக்கம் ஒரு குழாய்த் துண்டு கொடுத்து, வைஸில வச்சு இறுக்கினன். "டக்" எண்டு துவக்குச் சத்தம் மாதிரி ஒண்டு, பின் வந்திட்டுது. உள்ளுக்கு கிரீஸ் எண்டு ஒண்டும் இல்லை, காய்ஞ்ச மண்ணிற மெழுகு. ஒவ்வொரு பக்கமும் கூட்டுக்குள்ள (குண்டைப் பிடிச்சு வச்சிருக்கிற வளையம்) 9 குண்டு. வலப்பக்கக் கப் கண்ணாடி மாதிரி கிடக்கு. ஆனா ஸ்பிண்டிலின்ர இடப்பக்கத் தடத்தில போல்பொயின்ற் பேனை முனையை ஓட்டினா, ஒரு இடத்தில தடக்கி நிக்குது.

கியர்பைத்தியம்:
அதான் குழி. புதுக் குண்டு போட்டாலும் அதே தடத்துலதான் ஓடும், கொஞ்ச நாள்ல கறகற திரும்ப வரும். இனிமே காட்டர் பின் ஸ்பிண்டிலைத் தேடி எந்தச் சந்தைக்குப் போவீங்க? இந்த இடத்துலயாவது விரியுற டைப் கார்ட்ரிட்ஜுக்குப் போங்க. பிரேமையும் வெட்ட வேண்டாம், காட்டர்பின் சாருக்கும் மனசு நோகாது.

காட்டர்பின்:
குழி விஷயத்துல அவர் சொல்றது சரி, மழுப்ப மாட்டேன். கிரீஸ் குழியை நிரப்பாது. ஆனா மாத்த வேண்டியது ஸ்பிண்டில் ஒண்ணு மட்டும். பாரிஸ்ல உக்காந்துட்டு பிரெஞ்சு ஸ்பிண்டில் கிடைக்காதுன்னா எப்படிங்க? முழு நீளம், ரெண்டு தடத்துக்கும் நடுவுல உள்ள தூரம், வலப்பக்க முனை நீளம் மூணையும் அளந்து எழுதி வச்சுட்டுத் தேடுங்க. காட்டர் பின்னோட விட்டத்தையும் அளந்துக்கங்க. பிரெஞ்சுல பெரும்பாலும் 9 மில்லி, கடையில குடுக்கிறது 9.5.

குண்டு கால் அங்குலம். கூட்டைத் தூக்கிப் போட்டுட்டு, பக்கத்துக்கு 11 உதிரியா அடுக்குங்க. பாரம் பதினொண்ணுக்கும் பிரியும். மாட்டும்போது ஸ்பிண்டிலோட நீளமான முனை செயின் பக்கம். லாக்ரிங் (இடப்பக்கக் கப்பைப் பூட்டுற வளையம்) இறுக்கும்போது கப்பும் கூடவே கொஞ்சம் இறுகும், அதனால ஒரு பொட்டு லூஸா வச்சு, கப்பைப் பிடிச்சுக்கிட்டு ரிங்கை இறுக்குங்க. வெறும் ஸ்பிண்டிலை விரலால ஆட்டிப் பாத்து முடிவு பண்ணாதீங்க. கிராங்கைப் போட்டு அது முனையைப் பிடிச்சு ஆட்டினாத்தான் உண்மை தெரியும். காட்டர் பின் ரெண்டும் எதிரெதிர்த் திசையில, ஒண்ணோட நட்டு மேல பாத்தா இன்னொண்ணு கீழ. நட்டால பின்னை இழுக்காதீங்க, மரை உரியும். வைஸ்லயே அழுத்தி உக்கார வச்சுட்டு நட்டை முடுக்குங்க. முதல் ஓட்டம் முடிஞ்சதும் இன்னொரு தடவை.

டொராண்டோ_சங்கிலி:
ஸ்பிண்டில் கிடைக்கும் வரைக்கும் பழசையே நல்லாக் கிரீஸ் போட்டுப் பூட்டி ஓடலாம். ஒரு குழிக்காக சயிக்கிளைச் சுவரில சாத்தத் தேவையில்லை.

பாரிஸ்_வாசன்:
அப்ப பழசைப் பூட்டிக்கொண்டு புதுசைத் தேடுறன். வலப்பக்கக் கப்பைத் தொடேல்ல. பிரெஞ்சோ சுவிஸோ, அது அங்கயே இருக்கட்டும்.

கியர்பைத்தியம்:
அடுத்த மழைக்காலம் முடிஞ்சதும் இதே இழையில கேக்கறேன், எத்தனை தடவை பிரிச்சீங்கன்னு. பூட்டுறதுன்னு ஆனப்புறம் ஒண்ணு மட்டும் செய்யுங்க ப்ரோ. கப்புக்கு நடுவுல பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு போடுங்க, மேல இருந்து விழுற துரு குண்டுக்குப் போகாது. சீட் டியூப் மேல்முனையில, பின்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். பின் சக்கரம் அடிக்கிற தண்ணி அது வழியாத்தான் நேரா கீழ இறங்குது. பழைய டியூப் துண்டை வெட்டி அந்த இடத்துல மாட்டி விடுங்க, மட்கார்டும் போடுங்க.

காட்டர்பின்:
இதுல எனக்கு மறுப்பு இல்லைங்க.