பாடி பேட்டரி 5 காட்டினால் உடம்பு ஓய்ந்துவிட்டது என்று அர்த்தமா?

காலைநடை: "கார்மின் வாட்ச்சில் பாடி பேட்டரி 5 வந்தால் உடம்பில் 5 சதவீதம் சக்திதான் பாக்கி, அன்று படியேறுவதுகூட ஆபத்து" என்று ஒருவர் எழுதியதை எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். பாடி பேட்டரி என்பது உடம்பில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று வாட்ச் கணித்துக் காட்டும் எண். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த அளவுகோலே 5-ல்தான் தொடங்குகிறது. 5 முதல் 25 வரை மிகக் குறைவு, 76-க்கு மேல் அதிகம். 5-ஐத் தொட்டபின் அது இறங்காது, அவ்வளவுதான். 5-ல் இருந்தபடியே மாலையில் ஓடிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெண்புறா: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே! போன் 5 சதவீதத்துக்கு வந்தால் சார்ஜரைத் தேடுவீர்களா, உட்கார்ந்து படம் பார்ப்பீர்களா? 5 என்றால் 5.

காலைநடை: போன் தனக்குள் இருக்கும் மின்சாரத்தை அளக்கிறது. உங்கள் சக்தியை மணிக்கட்டில் எந்த வாட்ச்சும் அளப்பதில்லை. பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. அதில் துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளியைப் பிடித்து, தூக்கத்தையும் உழைப்பையும் சேர்த்து ஒரு கணிப்பு போடுகிறது. பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம் உருவாக்கிய கணக்குமுறை அது. அந்த அனலிட்டிக்ஸ் பிரிவைத்தான் 2020-ல் கார்மின் வாங்கியது. இதையெல்லாம் படித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

வெண்புறா: கம்பெனி வரலாறு யார் கேட்டார்கள்? 5 குறைவா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

நாடிமுள்: சண்டைக்கு நடுவே ஒன்று. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகும், விடும்போது நிதானப்படும். இந்த ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தால் ஓய்வு என்றும், சுருங்கினால் ஸ்ட்ரெஸ் என்றும் வாட்ச் எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல், மது, படுக்கும் முன் வயிறு முட்டச் சாப்பிட்டது என்று எதனாலும் அது சுருங்கலாம். அதனால்தான் இரவு முழுக்கத் தூங்கியும் சிலருக்குப் பேட்டரி ஏறுவதில்லை. ஒருநாள் எண்ணை விடுங்கள், உங்கள் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள்.

வெண்புறா: பார்த்தீர்களா, காய்ச்சல் என்று அவரே சொல்கிறார்! காய்ச்சலோடு படியேறச் சொல்கிறாரா காலைநடை சார்?

காலைநடை: காய்ச்சல் வந்தால் காய்ச்சலுக்காகப் படுங்கள், 5-க்காகப் படுக்காதீர்கள். உங்கள் பதிவைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கும் எத்தனை பேர் பயந்துபோய் நடையை நிறுத்துவார்கள் என்று யோசித்தீர்களா? என் கோபமே அதுதான். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு அந்த இடைவெளிக் கணக்கே தப்பாகிவிடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் எண் மாறும். இவர்களை எல்லாம் ஒரே 5-ல் அடைத்துவிட்டீர்கள்.

வெண்புறா: நீங்கள் டாக்டரா?

காலைநடை: நீங்கள் டாக்டரா? ஆபத்து என்று எழுதியது நீங்கள்.

மாலைத்தென்றல்: எனக்குச் சும்மா உட்கார்ந்து படிக்கும்போது ஸ்ட்ரெஸ் 80 காட்டுகிறது. மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. ஓடும்போது ஒன்றுமே காட்டுவதில்லை. ஏன்?

நாடிமுள்: ஓடும்போது துடிப்பு ஏறுவது உழைப்பால். அதனால் அந்த நேரத்தை ஸ்ட்ரெஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போது 80 வந்தால், அதற்குச் சற்று முன் காபி குடித்தீர்களா, சாப்பிட்டீர்களா என்று பாருங்கள். ஸ்ட்ராப் தளர்ந்திருந்தாலும் தப்பாகக் காட்டும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நகராதபடி கட்டுங்கள். படபடப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கணக்குப்பிள்ளை: 80 நல்லதுதானே? என் ஃபிட்பிட் வாட்ச்சில் ஸ்ட்ரெஸ் ஸ்கோர் ஏற ஏறத்தான் நல்லது.

காலைநடை: தயவுசெய்து குழப்பாதீர்கள். ஃபிட்பிட்டில் அது அழுத்தத்தை உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கான மதிப்பெண், அதனால் ஏறினால் நல்லது. கார்மினில் 25 வரை ஓய்வு, 76-க்கு மேல் அதிக அழுத்தம். முன்பு நடந்த ஸ்டெப் கணக்கு (வாட்ச் எண்ணும் காலடிகள்) விவாதத்திலும் இப்படித்தான் இரண்டு வாட்ச்சைப் போட்டுக் குழப்பினீர்கள்.

கணக்குப்பிள்ளை: ஸ்டெப் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. கையை ஆட்டினாலே எண்ணிக்கை ஏறுவதைப் படம் எடுத்துப் போட்டேன். பதில் சொல்லாமல் நழுவியது யார்?

காலைநடை: நழுவவில்லை, பதில் அங்கேயே இருக்கிறது. போய்ப் படியுங்கள். வெண்புறா, அந்தப் பதிவில் "ஆபத்து" என்பதை எப்போது எடுப்பீர்கள்?

வெண்புறா: எடுக்க மாட்டேன். 5 குறைவு என்று நீங்களே முதலில் எழுதியிருக்கிறீர்கள்.

காலைநடை: குறைவு என்றேன், ஆபத்து என்று சொல்லவே இல்லை!

கணக்குப்பிள்ளை: அந்த ஸ்டெப் பதிலைத் தேடிப் பார்த்தேன், பாதியை அழித்திருக்கிறீர்கள். என் படத்தை மறுபடி போடட்டுமா?

காலைநடை: தாராளமாகப் போடுங்கள். எந்தக் கையில் கட்டியிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.