கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த பிறகு: ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களின் அனுபவப் பகிர்வு

வீராணத்தான் (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் வீட்டில் கல்கியின் சோழர் கால நாவலான ‘பொன்னியின் செல்வன்’ கடையில் வாங்கிய புத்தகமாக இருந்ததில்லை. 1950 அக்டோபர் முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் அது தொடராக வந்தபோது, என் பாட்டி வாரந்தோறும் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பாகத்திற்கு ஒன்றாக ஐந்து தடித்த தொகுதிகளாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ளது. ஆடிப் பதினெட்டாம் நாள் கதையின் வீரன் வந்தியத்தேவன் குதிரையில் வந்ததும், எழுபத்து நான்கு கணவாய்களின் வழியே நீர் பாய்வதைக் கண்டு வியந்ததும் எங்கள் வீராணம் ஏரிக்கரையில்தான். ஆகவே அந்தத் தொகுதிகளை எங்கள் ஊரின் வரலாறாகவே நினைத்து வளர்ந்தேன்.

பதினான்காம் வயதில், ஒரு கோடை விடுமுறையில், அவற்றை முதன்முறையாக முழுவதும் படித்தேன். கடம்பூர் சம்புவரையர் மாளிகைக்குச் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் வந்து சேர்ந்ததிலிருந்து எனக்கு ஊணும் உறக்கமும் இல்லை. நந்தினியின் அந்தப்புரத்தில் விளக்கு அணைந்து இருள் சூழ்ந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பினால், அடுத்த நான்கு தாள்களைக் காணவில்லை. தையலை ஒட்டிக் கத்தரித்த விளிம்பு மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் கரிகாலன் இறந்துகிடக்க, வந்தியத்தேவன் கொலைப் பழியைச் சுமந்துகொண்டிருந்தான். கொலையாளியின் பெயர் அந்த நான்கு தாள்களில்தான் இருக்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன். எட்டு ஆண்டுகள் அப்படியே நம்பினேன்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தில் அச்சுப் பதிப்பை வாங்கச் சென்றபோது, கடைக்குள் நின்றபடியே அந்த அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். அங்கே பெயர் இல்லை. இருட்டுத்தான் இருந்தது. ஆசிரியர் என்னை ஏமாற்றிவிட்டார் என்ற கோபத்தில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்த நாவலை நான் தொடவில்லை. இன்று என் கருத்து வேறு. அது மாறிய விதத்தைப் பிறகு எழுதுகிறேன். கொலையாளியை உறுதியாகச் சொல்லாமல் விட்டது இந்த நாவலின் குறையா, நிறைவா? எங்கள் குடும்பத்திலேயே இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. உங்கள் அனுபவங்களையும் அறிய விரும்புகிறேன்.

கோவை வாசகர்:

நான் குறை என்ற கட்சியைச் சேர்ந்தவன், ஐயா. இதை வெறுப்பினால் சொல்லவில்லை. மூன்று முறை படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதல் பாகத்திலேயே, திருப்புறம்பயம் பள்ளிப்படையில் (அரசரின் நினைவாக எழுப்பிய கோயில்) இரவிதாசனும் அவன் கூட்டாளிகளும் சதி செய்வதை ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்கிறான். அன்று முதல் ஒரு கொலை நடக்கப்போகிறது என்ற அச்சத்தை ஆசிரியர் நம் மனத்தில் வளர்த்துக்கொண்டே போகிறார். 293 அத்தியாயங்கள் கொண்ட கதையில் அந்த அச்சம்தான் என்னை இழுத்துச் சென்ற கயிறு. அப்படி வளர்த்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, சம்புவரையரின் மகள் மணிமேகலையும் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் ஆளுக்கொரு விதமாகப் பழியைத் தம் மேல் ஏற்றுக்கொள்ளும்படி செய்து, எது உண்மை என்பதை மங்கலாகவே விட்டுவிடுவது வாசகனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்று எனக்குத் தோன்றியது.

இதைவிடவும் என்னை வருத்தியது மதுராந்தகன் ஆள்மாறாட்டம். அரியணைக்கு உரிமை கோரும், அதுவரை நாம் மதுராந்தகன் என்று அறிந்தவன் உண்மையான மதுராந்தகன் அல்லன் என்றும், பூமாலை தொடுத்துக் கோயில் தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் மகன் என்றும் கதை திரும்புகிறது. வரலாற்றில் அடுத்து உத்தம சோழன் என்ற பெயரில் முடி சூடிய மதுராந்தகன் மீதுதான் சில ஆய்வாளர்களின் ஐயம் விழுந்தது. ஐயத்துக்கு உரிய அரசனின் இடத்தில் எறும்புக்கும் தீங்கு நினையாத ஒரு சிவபக்தனை அமர்த்தி, கேள்வியே எழாதபடி செய்துவிட்டார் கல்கி. கைத்திறனாகப் பார்த்தால் வியப்புக்குரியது. ஆனால் கதைக்குள் நின்று கொலையாளியைத் தேடிய எனக்கு, தேடிய வீட்டின் கதவைச் சாத்தியது போல இருந்தது.

வரலாற்று ஆசிரியை, தஞ்சை மாவட்டம்:

பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். ஒவ்வோர் ஆண்டும் பிற்காலச் சோழர் பாடத்தின் விடைத்தாள்களில் நந்தினி வந்துவிடுவாள். ‘ஆதித்த கரிகாலனைப் பழிவாங்க நந்தினி சதி செய்தாள்’ என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கும் மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும்போது என் மனம் நோகும். ஏனெனில் அந்தப் பிள்ளை பாடநூலை விட்டுவிட்டு ஐந்து பாகங்களைப் படித்திருக்கிறாள். பிறகு ஒரு வழி கண்டேன். கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உள்ளவர்களையும், மறுபக்கம் கல்கி படைத்தவர்களையும் எழுதச் சொல்வேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் குறிக்கப்படுகிறார் என்பதும், அநிருத்த பிரம்மராயர் அன்பில் செப்பேட்டில் வருகிறவர் என்பதும் பிள்ளைகளை வியக்கவைக்கும். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் மறுபக்கம் போகும்போது வகுப்பில் ஒரு பெருமூச்சு எழும். இரவிதாசனை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டால் எல்லாரும் ‘கற்பனை’ என்றே கூவுவார்கள். இல்லை என்று நான் சொல்லும் நாள்தான் அந்த ஆண்டின் சிறந்த வகுப்பாக அமையும்.

காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை’க் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அவர்களுடைய உறவினரின் நிலங்களையும் உடைமைகளையும் பறிமுதல் செய்யும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஆணை அனுப்பியதை அது தெரிவிக்கிறது. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டங்கள் இருந்தன. பிரமாதிராசன் என்பது அரசு உயர் பணியில் இருந்த அந்தணர்க்கு வழங்கிய பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல், இருமுடிச்சோழன் என்பதோ சோழனுக்கு உரியது. இவர்கள் பாண்டியருக்கு உழைத்தவர்களா, சோழ அரசிலேயே இருந்தவர்களா? எதற்காகக் கொன்றார்கள்? கல்வெட்டு சொல்லவில்லை. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே இந்த ஆணை வருகிறது. இடையில் உத்தம சோழன் ஆட்சி முழுவதும் கழிந்துவிட்டது. அந்தத் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தே நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனை ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அறிஞர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

கோவை வாசகருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். திருவாலங்காட்டுச் செப்பேடு, கரிகாலன் மறைந்த பின் குடிமக்கள் அவன் தம்பி அருள்மொழியை (பின்னாளில் முதலாம் இராசராசன்) அரசேற்கும்படி வேண்டியதையும், தன் சிறிய தந்தைக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை அவர் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்பதையும் கூறுகிறது. இறுதிப் பாகத்தின் பெயரே ‘தியாக சிகரம்’. மதுராந்தகனே கொலைக்குக் காரணம் என்று கதை முடிந்தால், அருள்மொழி தன் தமையனைக் கொன்றவன் தலையில் மகுடத்தை வைத்தவர் ஆவார். அப்போது அது தியாகமாக இராது, அவமானமாகிவிடும். பாண்டிய ஆபத்துதவிகளின் (பாண்டிய அரசனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்தவர்கள்) செயல் மட்டுமே என்று அறுதியிட்டிருந்தால், கரிகாலன் தன் மனச்சாட்சியோடு நடத்திய நெடும் போராட்டத்துக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும். இரண்டுக்கும் நடுவில் அவருக்குக் கிடைத்த இடம் அந்த இருட்டு ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்து வாசகர்:

எங்கள் வீட்டுப் பேச்சு கொலையைப் பற்றியது அல்ல, ஈழத்தில் நடக்கும் பகுதிகளைப் பற்றியது. அநுராதபுரத்தில் அருள்மொழிவர்மர் சிதைந்த விகாரைகளைப் பழுதுபார்க்கச் செய்வதும், பிக்குகள் அவருக்கு அரியணையை வழங்க முன்வர அவர் மறுப்பதும் என் இளமையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயங்கள். பின்னர் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தின் மொழிபெயர்ப்பைப் படித்தபோது, அந்நாட்டு அரசன் ஐந்தாம் மகிந்தன் காலத்தில் வந்த சோழர் படை விகாரைகளை உடைத்துப் பொருட்களைக் கவர்ந்தது என்ற பதிவு என்னை உலுக்கியது. பிக்குகள் எழுதிய நூலில் அவர்கள் தரப்பே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்த அத்தியாயங்களை முன்னைய மகிழ்ச்சியோடு என்னால் மீண்டும் படிக்க முடியவில்லை.

பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈசுவரத்தின் முன் நின்றபோது, அது அருள்மொழியின் தாயின் பெயர் என்பதை உடன் வந்த என் மகளுக்குச் சொன்னேன். ‘கதையில் வருகிற நல்ல இளவரசர்தானே?’ என்று அவள் கேட்டாள். ஆம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. கொலையாளி எவர் என்பதை இருட்டில் விட்ட ஆசிரியர், தம் நாயகனை மட்டும் நிழலே விழாத வெளிச்சத்தில் நிறுத்திவிட்டார் என்பதே என் மனக்குறை.

திருச்சியிலிருந்து ஒரு மகள்:

நான் இரண்டாம் பாகத்தின் நடுவில் நாவலைக் கைவிட்டவள். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஓர் அதிர்ச்சி, அடுத்ததன் தொடக்கத்தில் முன்கதையை நினைவூட்டல் என்ற வாரப் பத்திரிகையின் நடை எனக்குச் சலிப்பூட்டியது. என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் ஐந்து மாதங்கள் இருந்தபோது, இரவு நேரத்தில் அவருக்காக மீண்டும் எடுத்து வாய்விட்டுப் படித்தேன். அப்போதுதான் அந்த நடை ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. வலி மருந்தின் மயக்கத்தில் முந்தைய நாள் கேட்டதை அம்மா மறந்திருப்பார். ஆசிரியரே பொறுமையாக நினைவூட்டிவிடுவார்.

கால்கள் இயங்காமல் கட்டிலில் கிடக்கும் கரிகாலனின் தந்தை சுந்தர சோழரின் அத்தியாயங்களைத் தவிர்த்துவிடலாமா என்று நான் தயங்கியபோது, ‘படி, அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும்’ என்றார். கொலை செய்தவர் யார் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முதிய வயதில் தம் மயக்கம் தெளிந்து, சபை நடுவே தம் தவறுகளை ஒப்புக்கொள்ளும் பெரிய பழுவேட்டரையருக்காகவே கண்ணீர் விட்டார். கதை முடிந்த மறுநாள் காலை, ‘பழுவேட்டரையரைப் பற்றி முதலில் நான் தப்பாகப் பேசிவிட்டேன்’ என்று, ஊரில் உள்ள ஒரு பெரியவரிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

கோவை வாசகர்:

ஆசிரியை அம்மா, தங்கள் விளக்கத்தை இரண்டு நாட்கள் யோசித்தேன். மகுடத்தைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆள்மாறாட்டத்தை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன நிழலின்மையும், சேந்தன் அமுதனின் மாசின்மையும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

வீராணத்தான்:

என் கருத்து மாறிய கதையைச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஒரு மார்கழியில் என் தந்தை என்னை உடையார்குடிக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வீட்டிலிருந்து சிறிது தொலைவுதான். அதுவரை எத்தனையோ முறை வலம் வந்த சுவரில் அந்த எழுத்துகள் இருப்பதை நான் அறிந்ததில்லை. கல்வெட்டு வாசிப்பதில் பயிற்சி பெற்ற தந்தையின் நண்பர் ஒருவர், சுவரில் விரல் படாமல் காற்றில் வரிவரியாகச் சுட்டிக் காட்டி, கொன்றவர்களின் பெயர்களை எனக்குப் படித்துக் காட்டினார். பத்து ஆண்டுகள் கோபத்தோடு நான் தேடிய பெயர்கள் எங்கள் ஊர்க் கல்லில் ஆயிரம் ஆண்டுகளாக இருந்தன. ஆனால் அவற்றைக் கேட்ட பிறகும் எனக்கு எதுவும் தீரவில்லை. ‘ஏன்’ என்ற கேள்வி முன்னிலும் பெரிதாயிற்று. அன்றிரவு மீண்டும் முதல் பாகத்தை எடுத்தேன். நூலின் முடிவுரையில், வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இணங்கி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று கல்கி பரிவோடு எழுதியிருப்பதையும் அப்போதுதான் பொறுமையாகப் படித்தேன். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார் என்பதை நினைத்தபோது என் பழைய கோபம் எனக்கே வருத்தமாக இருந்தது.

அந்த நான்கு தாள்களின் செய்தி சென்ற பொங்கலுக்குத்தான் தெரியவந்தது. இந்த இழைக்காக என் அத்தையிடம் பேச்சுக் கொடுத்தேன். எண்பது வயதைக் கடந்தவர். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மணியம் வரைந்த ஓவியத்துக்காகப் பள்ளிச் சிறுமியாக இருந்த தாமே கத்தரிக்கோலால் அவற்றை எடுத்ததாகச் சொன்னார். பாட்டிக்குத் தெரியாமல் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்து, வீடு மாறும்போது தொலைத்துவிட்டாராம். அச்சுப் பதிப்பிலிருந்து அந்தப் பக்கங்களை நகலெடுத்துத் தொகுதியில் சேர்க்கலாமா என்று கேட்டேன். எழுத்து மட்டும் எதற்கு, படம் கிடைத்தால் கொண்டு வா என்றார்.

உறுப்பினர்கள் எவர் வீட்டிலாவது அந்த வாரங்களின் ‘கல்கி’ இதழ்களோ, கத்தரிக்காத பைண்டுத் தொகுதியோ இருந்தால், அந்த ஓவியத்தின் ஒரு புகைப்படத்தை மட்டும் இங்கே பதியுமாறு வேண்டிக்கொள்கிறேன். அத்தைக்குக் கண் பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது.