உதவி: வண்டியை இறக்கின பிறகு வளைவுல முன்பக்கம் வெளியே ஓடுது, டக்டக்னு சத்தம்

டர்பன்_தெற்கு:
அண்ணன்மாரே, அவசரம். வண்டி உயரத்தை இறக்கி, எஞ்சின் அறையில மேலே ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற ஸ்ட்ரட் பிரேஸ் பாரும் மாட்டியாச்சு. ஆனா முன்னைவிட மோசம். வளைவு நடுவுல ஒரு மேடு வந்தா முன்பக்கம் வெளியே ஓடுது. பிரேக் பிடிச்சா டக்குனு சத்தம். ஞாயிறு டர்பன்ல இருந்து வான் ரீனன்ஸ் மலைக் கணவாய் வழியா ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) போகணும். இன்னும் எந்த பார் போடணும்?

டோங்காட்_பட்டறை:
என்ன வண்டி? எந்த வருஷம்? எத்தனை மில்லி இறக்கினீங்க? ஸ்பிரிங் மட்டுமா, ஷாக்கும் (அதிர்வு தாங்கி) சேர்த்தா? இதெல்லாம் தெரியாம என்ன சொல்ல?

கீழ்பார்:
ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபா இருந்தா மேல் பிரேஸ் போதாது தம்பி. அதுல முன்பக்கம் சப்ஃபிரேம்ங்கிற தனிச் சட்டம் கிடையாது, சக்கரத்தைப் பிடிக்கிற ஆர்ம் ரெண்டும் நேரா பாடியிலயே மாட்டியிருக்கும். திருப்பத்துல அந்த மவுன்டிங்தான் நெளியும். ரெண்டு பக்க மவுன்டிங்கையும் இணைக்கிற கீழ் பார் போடுங்க, ஸ்டீயரிங் உடனே இறுகும்.

ஃபீனிக்ஸ்_அலைன்மென்ட்:
இறக்கினதுக்கப்புறம் அலைன்மென்ட் பார்த்தீங்களா? முதல்ல கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயுற கோணம்), அப்புறம்தான் டோ (சக்கரத்தோட முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு). கேம்பரை நகர்த்தினா டோ மாறிடும். ரோட்டுக்கு நெகட்டிவ் 1 முதல் 1.5 டிகிரி போதும், டோ பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும். டயர் அளவும் காற்றும் சொல்லுங்க.

பழைய_கை:
பாகம் வாங்கி மாட்டுறதுக்கு முன்னாடி வேலையைப் புரிஞ்சுக்கணும். இதை இங்கே பலமுறை எழுதியாச்சு, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அளவுக்கு மேல இறக்கினா ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கி ஏறிடும். அப்போ ரோல் சென்டர், அதாவது வண்டி சாயும்போது சுழலுற புள்ளி, எடை மையத்தைவிட வேகமா கீழே போகும். ரெண்டுக்கும் இடைவெளி கூடுறதால அதே ஸ்பிரிங்ல வண்டி அதிகமாத்தான் சாயும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டை ராடும் ஆர்மும் ஒரே வளைவுல நகராததால மேட்டுல ஏறும்போது டோ தானா மாறும். எந்தப் பாரும் இதைத் தீர்க்காது.

டர்பன்_தெற்கு:
சிட்டி கோல்ஃப் 1.6, 2005. 60 மில்லி. ஷாக் பழசுதான். 195/50 15.

டோங்காட்_பட்டறை:
இப்போ புரியுது. உங்களுக்கு ரெண்டு தனித்தனிக் கோளாறு.

வளைவுல ஓடுறது: 60 மில்லி குட்டை ஸ்பிரிங், பழைய நீள ஷாக். ஷாக் தண்டு பயணம் தீர்ந்து பம்ப் ஸ்டாப்ங்கிற தடுப்புல உட்காருது. அந்த நொடியில முன்பக்கம் கல்லு மாதிரி ஆகி டயர் பிடியை விட்டுடும். நிச்சயப்படுத்த, ஷாக் தண்டுல ஒரு கேபிள் டை கட்டி அடியில தள்ளிவிட்டு, அதே வளைவுல மெதுவா ஓட்டிப் பாருங்க. டை பம்ப் ஸ்டாப் வரைக்கும் ஏறியிருந்தா காரணம் அதுதான். குட்டை ஷாக் போடணும், வண்டியைக் கொஞ்சம் ஏத்தி, இறக்கத்தை 60ல இருந்து 35 மில்லிக்குக் குறைக்கணும். ஜாக்கியில தூக்கி சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கையால ஆடினா வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க, ஸ்பிரிங் அது உட்கார்ற இடத்தை விட்டு நழுவிடும்.

பிரேக் சத்தம்: கீழ் ஆர்மோட பின் புஷ்ஷை, அதாவது அதை பாடியில மாட்டுற இடத்து ரப்பரைப் பாருங்க. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்திப் பிரேக் பிடிக்கட்டும், நீங்க வெளியே நின்னு சக்கரம் மட்கார்டுக்குள்ள முன்பின் நகருதான்னு கவனிங்க. அப்புறம் ஸ்டாண்ட் மேல வச்சு, ஆர்முக்கும் பாடிக்கும் நடுவுல கடப்பாரை கொடுத்து நெம்புங்க. ஆர்மைச் சக்கரத்தோட இணைக்கிற பால் ஜாயின்டையும் அப்படியே பாருங்க. புது முன் புஷ் போட்டா, அதோட போல்டை சக்கரம் தரையில எடையோட நிக்கும்போதுதான் முழுசா இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிலேயே நின்னு சீக்கிரம் கிழியும்.

கீழ்பார்:
ரப்பரே வேண்டாம், அதைவிட விறைப்பான பாலியூரித்தேன் புஷ் போடுங்க.

டோங்காட்_பட்டறை:
ரோட்டு வண்டிக்கு நல்ல ரப்பரே போதும். பாலி போட்டா சிலிக்கான் கிரீஸ் தடவியே ஆகணும், இல்லேன்னா கிறீச்சுனு கத்தும். அதிர்வு நேரா பாடிக்குப் போகும். மவுன்டிங் துருப்பிடிச்சிருந்தா அங்கேயே வெடிப்பு விடும்.

கீழ்பார்:
துருவுக்குப் பயந்தா எதுவுமே பண்ண முடியாது. நான் சில்லுக்குள்ள (கதவுக்குக் கீழே இருக்கிற தகட்டுப் பெட்டி) ஃபோம் அடிச்சு, பின்னாடி குழாய்க் கூடு மாதிரி அரைக் கேஜும் போடச் சொல்வேன். பாடி அசையாது.

பழைய_கை:
தயவுசெஞ்சு இதைச் சின்னப் பசங்களுக்குச் சொல்லாதீங்க. கடல் காத்து அடிக்கிற ஊர்ல சில்லுக்குள்ள ஃபோம் அடிச்சா, வடிகால் துளை அடைச்சு ஈரம் தங்கி உள்ளேயிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே தகடே இருக்காது. பின் சீட்ல பிள்ளைங்க உட்கார்ற வண்டியில கேஜ் குழாய் தலைக்குப் பக்கத்துல இருந்தா, சின்ன மோதலே மண்டையை உடைக்கும். ஹெல்மெட்டோட ஓட்டுற வண்டிக்குத்தான் கேஜ்.

கீழ்பார்:
மேல பேடிங் சுத்தலாமே?

பழைய_கை:
அது ஹெல்மெட் போட்ட தலைக்கு. வெறுந்தலைக்குப் போதாது.

ஃபீனிக்ஸ்_அலைன்மென்ட்:
சண்டையை விடுங்க. பின்னாடி சாய்வைக் குறைக்கிற ஆன்டி ரோல் பார் போட்டா முன்பக்கம் ஓடுறது குறையும். உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா மழையில ஃபீல்ட்ஸ் ஹில் மலைச்சரிவுல இறங்கும்போது வளைவுல திடீர்னு ஆக்சிலேட்டரை விட்டா பின்பக்கம் சுத்தும். அதனால முதல்ல ஷாக், அப்புறம் பார். இன்ஷூரன்ஸ்ல மாத்தினதெல்லாம் சொல்லிடுங்க.

டோங்காட்_பட்டறை:
தம்பி, ஞாயிறுக்கு முன்னாடி அந்தப் புஷ்ஷைப் பார்க்காம கணவாய்ப் பக்கம் போக வேண்டாம். பாரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

டர்பன்_தெற்கு:
இடது பின் புஷ் கிழிஞ்சிருந்துச்சு. ரெண்டு பக்கமும் ரப்பர் மாத்தியாச்சு, சத்தம் போச்சு. கேபிள் டையும் உச்சிக்கு ஏறியிருந்துச்சு. ஷாக் மாசக் கடைசியில. ஞாயிறு மாமாவோட பக்கியில (பிக்கப் வண்டி) போறேன். நன்றி அண்ணே.

ஃபீனிக்ஸ்_அலைன்மென்ட்:
புஷ் மாத்தினதுக்கப்புறம் டோ பார்த்தீங்களா?